மலையில் பூட்ஸ் தாங்காது என்பவர்களுக்கு

சவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கத்துப் பள்ளிகளில் பந்தாடுகிற பிள்ளைகளுக்குக் கால்பந்து பூட்ஸ் வாங்கித் தரலாம் என்று கீழே போளூரிலோ வேலூரிலோ பேச்செடுத்துப் பாருங்கள். உதவி செய்ய மனமுள்ளவர்களே இப்படித்தான் சொல்வார்கள்: “குடுக்கலாம் சார், ஆனா வச்சிக்கத் தெரியாதே. ஒரு மழைக்காலம் தாங்காது. நாலு பந்து வாங்கிக் குடுங்க போதும், வெறுங்கால்லயே நல்லா ஆடுவாங்க.”

இதைச் சொல்கிறவர்களில் பலர் ஏற்கெனவே ஒருமுறை கொடுத்துப் பார்த்தவர்கள். அடுத்த வருஷம் போனபோது அடி பிளந்து, குதிகால் மடிந்து, நாற்றமெடுத்து மூலையில் கிடந்த பூட்ஸைக் கண்டு மனம் நொந்தவர்கள். அவர்கள் கண்ணால் கண்டது உண்மை. அதிலிருந்து அவர்கள் வந்து சேர்ந்த முடிவு தவறு. சவ்வாது மலைப் பிள்ளைகளைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்லப்படுகிற இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. வெறுங்கால் போதும் என்பது ஒன்று. அவர்களுக்குப் பராமரிக்கத் தெரியாது என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் அதிகம் புண்படுத்துவது, அதிகம் பொய்யானதும்கூட. முதலாவதைச் சுருக்கமாக முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

வெறுங்கால் வாதத்துக்குப் பின்னால் ஒரு பெருமித வரலாறு நிற்கிறது. 1911 ஜூலை 29 அன்று கொல்கத்தாவில் மோகன் பகான் அணி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐஎஃப்ஏ கேடயத்தைத் தூக்கியபோது அந்த அணியில் ஒருவர் மட்டுமே பூட்ஸ் அணிந்திருந்தார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி பிரான்சிடம் 2-1 என்று தோற்றார்கள். கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் தவறவிட்டதால் வந்த தோல்வி அது. வெறுங்காலின் புகழ் பாடுகிறவர்கள் இந்த இரண்டையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். அடுத்த ஒலிம்பிக்கையும் சொல்ல வேண்டும். 1952இல் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றோம். அதற்குப் பிறகுதான் இந்திய அணிக்குப் பூட்ஸ் கட்டாயமானது. பூட்ஸ் மாட்டிய இந்தியா 1956இல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி அரையிறுதிக்குப் போய் நான்காம் இடம் பிடித்தது. நெவில் டிசூசா அந்த ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராகத் தமிழரான சைமன் சுந்தரராஜ் அடித்த கோல்தான் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இதுவரை அடித்த கடைசி கோல். அதை அடித்த காலில் பூட்ஸ் இருந்தது.

வரலாறு இருக்கட்டும், விதி இருக்கிறது. கால்பந்து ஆட்ட விதிகளில் நான்காவது விதி, ஆட்டக்காரர் அணிந்தே தீர வேண்டிய பொருள்களில் காலணியையும் வைத்திருக்கிறது. குறுவட்டப் போட்டியில் கண்டும் காணாமல் விடுகிற நடுவர் கிடைக்கலாம். மாவட்டம், மாநிலம், முதலமைச்சர் கோப்பை என்று மேலே போகப் போக அந்தச் சலுகை இருக்காது. அன்றைக்குக் காலையில் யாரிடமோ இரவல் வாங்கிய பூட்ஸில் முதன்முதலாகக் காலை நுழைக்கிற பிள்ளை, பாதி ஆட்டத்துக்குள் கொப்புளத்தோடு நொண்டும். பார்க்கிறவர்கள் “மலைப் பசங்களுக்கு பூட்ஸ் ஒத்து வராது” என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். பழக்கமே கொடுக்காமல் பழக்கமில்லை என்று குறை சொல்வது என்ன நியாயம்?

உடல்நலமும் இருக்கிறது. ஈர மண்ணில் இருக்கும் கொக்கிப்புழுவின் இளம்புழு, காலணி இல்லாத பாதத்தின் தோலைத் துளைத்துத்தான் உடம்புக்குள் போகிறது. குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சி ரத்தசோகையைக் கொண்டுவருகிறது. பள்ளிகளில் குடற்புழு மாத்திரை கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பத்து நிமிடம் ஓடினால் மூச்சு வாங்குகிற பிள்ளையைப் பார்த்து வெறுங்காலின் வீரத்தைப் பேச எனக்கு மனம் வரவில்லை.

இனி அந்தப் பாழான பூட்ஸுக்கு வருவோம். மூலையில் கிடக்கிறதே, அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். எங்கே கிழிந்திருக்கிறது, எப்படிக் கிழிந்திருக்கிறது என்பதை வைத்தே அதற்கு என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம்.

பெரும்பாலும் முதலில் விட்டுப்போவது கட்டைவிரல் பக்கத்து அடி. நம் ஊர்க் கடைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வாங்கப்படுகிற நிவியா, செகா போன்ற பூட்ஸ்களில் மேல்பாகம் தோல் கிடையாது. துணியின் மேல் பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல். அதை அடிப்பாகத்தோடு சேர்த்துப் பிடித்திருப்பது பசை. தொழிற்சாலையில் அந்தப் பசையைச் சூடேற்றி இளக வைத்துத்தான் ஒட்டுகிறார்கள். சூட்டில் இளகி ஒட்டிய பசை, மறுபடி சூடு கண்டால் மறுபடி இளகும். நனைந்த பூட்ஸைச் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் மேல் கவிழ்த்து வைத்தால், அடுப்போரம் வைத்தால், நடப்பது அதுதான். ஈரமும் சூடும் சேர்ந்தால் செயற்கைத் தோலின் மேல்பூச்சும் சிதைந்து செதில் செதிலாக உரியத் தொடங்கும்.

உண்மைத் தோலாக இருந்தால் வேறு விதமாகக் கெடும். பதனிடும்போதே தோலின் நார்களுக்கிடையே எண்ணெய்ப் பசை ஏற்றியிருப்பார்கள். அதனால்தான் தோல் வளைகிறது. சோப்புத்தூள் காரமானது, அந்த எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடும். பிறகு வெயிலில் வேகமாகக் காய்ந்தால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்து, விரல் மடிகிற இடத்தில் வெடிக்கும்.

அடுத்தது நாற்றமும் சேற்றுப்புண்ணும். உள்அட்டையைக் கழற்றாமல், கயிற்றைத் தளர்த்தாமல், வெளியே மட்டும் காய்ந்த பூட்ஸின் உள்ளே இரண்டு நாளானாலும் ஈரம் நிற்கும். அந்த ஈரத்தில்தான் பூஞ்சை வளர்கிறது. ஒரு ஜோடியை மூன்று பேர் மாற்றி மாற்றிப் போடுகிற விடுதியில் ஒருவன் விரலிடுக்கில் இருந்த சேற்றுப்புண் மூவருக்கும் வந்துவிடும். குதிகால் மடிந்து கிடப்பதற்குக் காரணம் கயிற்றை அவிழ்க்காமல் பின்பக்கத்தை மிதித்து மிதித்துக் கழற்றியது. அடியில் இருக்கிற முனைகள், அதாவது ஸ்டட், தேய்ந்திருப்பதற்குக் காரணம் விடுதியிலிருந்து மைதானம் வரை தார் ரோட்டில் பூட்ஸோடு நடந்தது.

இவற்றில் எது மலைப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய குற்றம்? சென்னையில் மணிக்கணக்கில் வாடகை கட்டி செயற்கைப் புல்தரையில் ஆடிவிட்டு வருகிற பிள்ளையின் பூட்ஸ் வாஷிங் மிஷினுக்குள் போகிறது. அங்கே சுடுதண்ணீரும் சோப்புத்தூளும் சுழற்சியும் சேர்ந்து அதே வேலையைத்தான் செய்கின்றன. பிறகு மொட்டை மாடியில் உச்சி வெயில். அந்தப் பூட்ஸும் பிளக்கிறது. அவன் அப்பா அடுத்த மாதம் புதிது வாங்கிக் கொடுத்துவிடுவார், யாரும் அவனுடைய குலத்தையோ ஊரையோ சொல்லிக் காட்டுவதில்லை. மலைப் பிள்ளையிடம் அடுத்த ஜோடி இல்லாததால் அவனுடைய தவறு மட்டும் மூலையில் கிடந்து சாட்சி சொல்கிறது.

தவறு என்றுகூட அதைச் சொல்லக் கூடாது. அந்தப் பிள்ளைகள் பூட்ஸை அப்படியே போட்டுவிட்டுப் போனதால் அது கெடவில்லை. கழுவியதால் கெட்டது. பக்கெட்டில் சோப்புத்தூள் கரைத்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் பிரஷ் போட்டுத் தேய்த்து, பளிச்சென்று வெயிலில் வைத்திருக்கிறார்கள். ஏன் அப்படிச் செய்தார்கள்? பள்ளிக்கூடம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே காலணிப் பராமரிப்பு வெள்ளை கேன்வாஸ் ஷூவுடையது. அணிவகுப்பு நாளுக்கு முந்தின நாள் சோப்புப் போட்டு ஊறவைத்துத் தேய்த்து வெயிலில் காயவைத்து, வெள்ளை பாலீஷ் தடவி எடுத்துக்கொண்டு வா என்பதுதான் அந்தப் பாடம். கேன்வாஸுக்கு அது சரி. பருத்தித் துணியும் ரப்பரும் அதைத் தாங்கும். கால்பந்து பூட்ஸ் தாங்காது. கற்றதைச் சிரத்தையாகச் செய்த பிள்ளையைப் பார்த்து “வச்சிக்கத் தெரியாது” என்கிறோம். பூட்ஸைக் கொடுத்து, வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு இறங்கியவர்களில் எத்தனை பேர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து அதை எப்படித் துடைப்பது என்று காட்டினோம்?

காட்ட அந்த ஐந்து நிமிடம் போதும், ஏனென்றால் விஷயம் அவ்வளவுதான். இந்தப் பராமரிப்புக்குப் பெரிய செலவாகும், தனி ஸ்ப்ரேயும் தனி திரவமும் வேண்டும் என்பது விற்கிறவர்கள் கட்டிவிட்ட இன்னொரு நம்பிக்கை. வேண்டியதெல்லாம் ஒரு பழைய பல் பிரஷ், ஒரு கந்தல் துணி, கொஞ்சம் தண்ணீர், பழைய செய்தித்தாள், நிழல்.

ஆட்டம் முடிந்ததும் மைதானத்து ஓரத்திலேயே பூட்ஸைக் கழற்றிவிட வேண்டும், கயிற்றை முழுக்கத் தளர்த்திக் கையால். மலையின் செம்மண் களி கலந்தது. ஈரமாக இருக்கும்போது குச்சியால் தள்ளினாலே ஸ்டட்டுகளுக்கு நடுவிலிருந்து கட்டியாக விழுந்துவிடும். விடுதிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இறுகிப்போகும். இறுகிய பிறகு சுவரில் ஓங்கி அடித்து உதிர்க்கிறார்கள், அந்த அடியில் பசை விடுகிறது. இறுகிவிட்டதென்றால் அடிப்பாகத்தை மட்டும் கொஞ்சம் நனைத்துப் பல் பிரஷால் தள்ள வேண்டும். மேல்பாகத்துக்கு ஈரத்துணி போதும். அழுக்கு போகவில்லை என்றால் குளிக்கிற சோப்பைத் துணியில் லேசாகத் தொட்டுத் துடைத்து, மறுபடி வெறும் ஈரத்துணியால் ஒற்றி எடுக்கலாம். தையல் ஓரத்தில் தங்குகிற பொடிமண்ணை மட்டும் அலட்சியமாக விடக் கூடாது. ஒவ்வொரு முறை கால் மடியும்போதும் அந்த மண் நூலை அறுக்கும். பூட்ஸை ஒருபோதும் ஊறவைக்கக் கூடாது. தேங்காய் நார் அடிப்பாகத்துக்குச் சரி, மேல்பாகத்தில் பட்டால் பூச்சைக் கீறிவிடும்.

பிறகு உள்அட்டையை வெளியே எடுத்துத் தனியாகக் காயவைத்து, பூட்ஸுக்குள் செய்தித்தாளைக் கசக்கி நுனிவரை திணிக்க வேண்டும். காகிதம் உள்ஈரத்தை இழுக்கும், பூட்ஸும் தன் வடிவத்தில் நிற்கும். இரண்டு மணி நேரத்தில் அது நனைந்து கனத்துவிடும். அதை எடுத்துவிட்டு வேறு காகிதம் வைக்க வேண்டும். இந்த இரண்டாவது முறையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். முதல் காகிதம் இழுத்த ஈரம் உள்ளேயே கிடந்தால் காகிதம் வைத்தும் பயனில்லை. அப்புறம் காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். முழுக்க உலர ஒரு நாள், மழைக்காலத்தில் இரண்டு நாளும் ஆகலாம். உண்மைத் தோல் பூட்ஸாக இருந்தால், உலர்ந்த பிறகு மாதம் ஒருமுறை நிறமற்ற ஷூ கிரீமைக் கொஞ்சமாகத் தடவலாம். செயற்கைத் தோலுக்கு அதுவும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் பூசுகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. செயற்கைத் தோலுக்குள் அது இறங்காது, மேலே நின்று அடுத்த நாள் மண்ணையெல்லாம் இழுத்துப் பூசிக்கொள்ளும்.

நிழலில் உலர்த்து என்பதை மலைமக்களுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? எந்த மூலிகையை வெயிலில் போட்டால் சத்துப் போகும், எதை நிழலில் உலர்த்தினால் நிறமும் குணமும் நிற்கும் என்று அறிந்த வீடுகள் அங்கே இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளையிடம் “இதையும் மூலிகை மாதிரி நிழல்ல காயவைடா” என்று சொன்னால் ஒரே வார்த்தையில் புரியும். தோலும் அந்த வட்டாரத்துக்கு அன்னியமில்லை. தென்னிந்தியாவில் தோலைப் பதனிட்ட பழைய முறை ஆவாரம்பட்டையை நம்பியது, இறுதிப் பதத்துக்குக் கடுக்காயைப் பயன்படுத்தியது. மலையின் வடக்கிலும் மேற்கிலும் இறங்கினால் ஆம்பூரும் வாணியம்பாடியும். உலகத்துக்குத் தோலும் காலணியும் அனுப்புகிற ஊர்கள் அவை. இந்த வட்டாரத்தில் காலணியைப் பற்றிய அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. அது மலைப் பள்ளிக்கூடத்தின் படியேறவில்லை, அவ்வளவுதான்.

“வச்சிக்கத் தெரியாது” என்ற சொல்லுக்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன். யார் காலணி போடலாம், எந்தத் தெருவில் போடலாம் என்பதற்கெல்லாம் தடை வைத்திருந்த சமூகம் நம்முடையது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர்த்தெருவைக் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். நல்ல காலணி சிலருக்குப் பொருந்தாது என்ற எண்ணம் அந்தக் காலத்திலிருந்து வந்தது. இன்று அது அக்கறையின் குரலில் பேசுகிறது. அதே வழக்கத்தின் மறுபக்கம், காலணியைத் தொட்டுத் துடைப்பது இழிவு என்பது. செருப்பைத் தொட்டால் கைகழுவு என்று பழக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை, மண் ஒட்டிய பூட்ஸை மடியில் வைத்துத் துடைக்கக் கூசுகிறான். அதை அம்மாவிடமோ வேலைக்கு வருகிறவரிடமோ தள்ளிவிடுகிறான். இங்கிலாந்தின் தொழில்முறைக் கழகங்களில் பல பத்தாண்டுகள் பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் மூத்த ஆட்டக்காரர்களின் பூட்ஸைத் துடைத்துத் தயார் செய்வது பயிற்சியின் பகுதியாகவே இருந்தது. பின்னாளில் பெரிய பெயர் வாங்கியவர்களும் அப்படித் துடைத்தவர்கள்தான். தன் பூட்ஸைத் தானே துடைக்கிற பிள்ளைக்கு எந்த ஸ்டட் தேய்கிறது, எந்தப் பக்கம் தையல் விடுகிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். இந்த வேலையில் மலைப் பிள்ளைகளுக்குக் கூச்சம் இருந்து நான் கண்டதில்லை. சொல்லிக்கொடுத்த பிறகு அவர்கள் அதைச் செய்யத் தவறுவார்கள் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

மலையில் பூட்ஸ் சீக்கிரம் கெடுவதற்கு இன்னொரு பெரிய காரணம் கொடுப்பவர்களாகிய நாம். நகரத்தில் பெரியவர்கள் போட்டுக் கழித்த எட்டாம் நம்பர், ஒன்பதாம் நம்பர் பூட்ஸைச் சேர்த்து மூட்டை கட்டி அனுப்புகிறோம். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கால் நாலாம் நம்பர். நுனியில் துணியை அடைத்துக்கொண்டு ஆடுகிறான். ஒவ்வொரு ஓட்டத்திலும் குதிகால் உள்ளே வழுக்கி உள்துணியைக் கிழிக்கிறது, முன்பக்கம் தவறான இடத்தில் மடிந்து வெடிக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் மோசம், வருகிற மூட்டையில் அவர்கள் அளவு அநேகமாக இருப்பதே இல்லை. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018இல் மணிப்பூரை வென்று தேசிய சாம்பியன் ஆனவர்கள். அடுத்த வருஷமே மதுரையின் சேது எஃப்சி இந்திய மகளிர் லீகை வென்றது. கடலூர்ப் பக்கத்துச் சாதாரண வீடுகளிலிருந்து இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் இந்திய அணிக்குப் போயிருக்கிறார்கள். சவ்வாது மலையிலிருந்து ஒரு பெண் அப்படிப் போக வேண்டுமென்றால் அவள் காலுக்குப் பொருந்துகிற பூட்ஸ் முதலில் மலையேற வேண்டும்.

ஸ்டட்டையும் யோசிப்பதில்லை. 1954 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பெர்ன் நகர மழையில் மேற்கு ஜெர்மனி ஹங்கேரியை 3-2 என்று வென்றதற்கு, சேற்றுக்கு ஏற்ப மாற்றித் திருகக்கூடிய ஸ்டட்டுகளும் ஒரு காரணம் என்று இன்றுவரை பேசுகிறார்கள். தரைக்கு ஏற்ற ஸ்டட் என்பது அவ்வளவு அடிப்படையான விஷயம். நம் மலைப் பள்ளி மைதானங்களில் புல் அரிது. வெயில் காலத்தில் கல்லும் சரளையும் கலந்த இறுகிய தரை. அதில் புல்தரைக்கென்று செய்த நீள ஸ்டட் பூட்ஸைப் போட்டால் ஸ்டட் இறங்காது. உடம்பின் பாரமெல்லாம் நாலைந்து முனைகளில் நின்று பாதம் வலிக்கும், கணுக்கால் பிசகும், ஸ்டட் தேய்ந்து அடி பிளக்கும். இந்தத் தரைக்கு வேண்டியது குட்டை குட்டையாக நிறைய ரப்பர் முனைகள் உள்ள டர்ஃப் ஷூ. அது விலையும் அதிகமில்லை, மழைச் சேற்றில் மட்டும் கொஞ்சம் வழுக்கும். பளபளப்பான நீள ஸ்டட் பூட்ஸ் படத்தில் அழகாக இருக்கிறது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

பந்தாடுகிற பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வேலை உண்டு. புது பூட்ஸ் வாங்கினால், கால் வைக்கும் முன்பே செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அடியைச் சுற்றி நூல் தையல் போட்டு வாங்கிவிடுவார்கள். பசை விட்டாலும் தையல் பிடித்துக்கொள்ளும், பூட்ஸின் ஆயுள் பல மடங்கு கூடும். கீழே இருப்பவர்களுக்குப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே இந்த வேலை முடிந்துவிடும். மலையிலிருந்து இதற்காக ஒரு பிள்ளை போளூருக்கோ ஆலங்காயத்துக்கோ இறங்கி ஏற ஒரு நாள் போய்விடும். அதனால் அடி லேசாக வாய் பிளந்ததும் பெட்டிக்கடையில் கிடைக்கிற ஃபெவிக்விக்கை ஊற்றுகிறார்கள். அது காய்ந்தால் கண்ணாடி போல் விறைக்கும், வளைகிற இடத்தில் அடுத்த ஆட்டத்திலேயே உடையும், பிறகு சரியான பசையும் அங்கே ஒட்டாது. செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்துகிற, காய்ந்த பிறகும் ரப்பர் போல வளைகிற பசை ஒரு டப்பா உடற்கல்வி ஆசிரியரின் அறையில் இருந்தால் பாதி பூட்ஸ் பிழைக்கும்.

கடைசியாக ஒரு வாதம் மிச்சமிருக்கிறது. “நீங்க சொல்ற மாதிரி ரெண்டு நாள் காயவைக்கணும்னா ஆளுக்கு ரெண்டு ஜோடி வேணும், அதுக்கு எங்க போறது?” இது நேர்மையான கேள்வி. தென்மேற்குப் பருவத்தில் சாயங்காலமானால் மழை, ஐப்பசி கார்த்திகையில் நாள்கணக்கில் தூறல், மார்கழியில் பனி. இப்படிப்பட்ட மலையில் நனைந்த பூட்ஸை மறுநாளே மாட்டுவதுதான் பசையையும் தையலையும் சேர்த்து அழிக்கிறது. ஆனால் இதற்கு இரண்டாவது ஜோடிதான் தீர்வு என்பதில்லை. பயிற்சி அட்டவணையை மாற்றலாம். ஒரு நாள் பூட்ஸோடு ஆட்டம், மறுநாள் பள்ளி ஷூவோடு ஓட்டமும் உடற்பயிற்சியும். பூட்ஸ் உலர ஏறக்குறைய இரண்டு நாள் கிடைத்துவிடும், ஒரு ரூபாய் செலவில்லை. விடுதி வராந்தாவில், சாரல் படாத பக்கமாக, ஆள் உயரத்தில் ஒரு கயிறு கட்டலாம். இதற்கும் பெரிய ஏற்பாடு தேவையில்லை. உண்டு உறைவிடப் பள்ளிகளில் துணி உலர்த்தவே இடம் போதாமல் பிள்ளைகள் தவிக்கிற இடங்கள் உண்டு. அங்கே பூட்ஸ் ஜன்னல் கம்பியில் தொங்கும், இல்லாவிட்டால் கட்டிலுக்கு அடியில் இருட்டில் பூசணம் பிடிக்கும். பூட்ஸ் கொடுக்கப் போகிறவர்கள் அந்த வராந்தாவையும் ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும்.

செய்யாறு இந்த மலையில்தான் பிறக்கிறது. அந்த ஆறு இறங்கிப் போகிற அதே திருவண்ணாமலை மாவட்டத்தில், செய்யாறு சிப்காட்டில், தைவானின் ஃபெங் டே குழுமத்தைச் சேர்ந்த லோட்டஸ் ஃபுட்வேர் ஆலை நைக்கி நிறுவனத்துக்காகக் காலணி செய்து உலகத்துக்கு அனுப்புகிறது. சுற்றுப்புறக் கிராமத்துப் பெண்களின் கைகள் அங்கே வேலை செய்கின்றன. அதே மாவட்டத்தின் மலைப் பிள்ளைக்கு பூட்ஸைக் காப்பாற்றும் பக்குவம் இல்லை என்று இனி யார் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன்.

இந்த வருஷம் யாராவது ஜமுனாமரத்தூருக்கு பூட்ஸ் அனுப்ப நினைத்தால் அவர்களிடம் கேட்டுக்கொள்வது இவைதான். முதலில் உடற்கல்வி ஆசிரியரிடம் பிள்ளைகளின் கால் அளவைப் பெயர்வாரியாக வாங்குங்கள், பெண்பிள்ளைகளையும் சேர்த்து. குட்டை ஸ்டட் உள்ளதாக வாங்குங்கள். மலையேற்றும் முன் கீழேயே ஒவ்வொன்றுக்கும் சுற்றுத் தையல் போட்டு, தைப்பவருக்கு நியாயமான கூலி கொடுங்கள். கூடவே ஒரு கட்டு பழைய செய்தித்தாளும் பல் பிரஷ்களும் வளைகிற பசை ஒரு டப்பாவும் கட்டிக் கொடுங்கள். படம் எடுப்பதற்கு முன், அழுக்கான ஒரு பூட்ஸை நீங்களே மடியில் வைத்துத் துடைத்து, காகிதம் திணித்து, நிழலில் தொங்கவிட்டுக் காட்டுங்கள். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் போய்ப் பாருங்கள், அப்போது பேசிக்கொள்வோம்.